குறைத்துச் சொல்கிறவள்

பீட் கிழங்கு குவிக்கும் இயந்திரத்தில் இரண்டு விரல்கள் போன அன்று, கிளிஃபர்ட் ஹேகன் வீட்டுக்குப் போன் செய்து, "கையில லேசா பட்டிருச்சு, சாப்பாட்டுக்கு வர நேரமாகும்" என்றுதான் சொன்னார். அவர் மனைவி ஆர்லிஸ் உடனே அடுப்பை அணைத்தாள், காரை எடுத்தாள், நேரே மருத்துவமனைக்குப் போனாள். 'லேசா' என்றால் என்னவென்று ஹால்வர் கவுண்டியில் பிறந்த யாருக்கும் தெரியும்.

அந்த ஊர்ப் பேச்சே அப்படி. சூறாவளியில் களஞ்சியத்தின் கூரை பறந்தால் 'காத்து கொஞ்சம் ஜாஸ்தி'. வயிற்றில் புற்று வந்தவர் 'அவ்வளவா பசிக்கல' என்பார். தன் கஷ்டத்தைப் பெரிதாகச் சொல்வது, அங்கே, அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்பதைப் போல அசிங்கமான காரியம். ஆர்லிஸ் அப்படிப்பட்ட ஊரிலேயே குறைத்துப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள். பள்ளிச் சமையலறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. கொதிக்கும் எண்ணெய் கையில் தெறித்த அன்றுகூட, இறைச்சியும் காய்கறியும் கலந்து அடுப்பில் வேகவைக்கும் ஹாட்டிஷின் மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி முடித்து, தட்டை அடுப்புக்குள் தள்ளிய பிறகுதான் குழாயைத் திறந்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி, ரோல்ஃப். இருபத்து மூன்று வயதில், அறுவடை நடுவே, கிழங்கு லாரியை வயலிலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடந்து போனான். இரண்டு நாள் கழித்து ரயில் பாதையோரம் கண்டுபிடித்தார்கள். எடை மேடையில் லாரியோடு சேர்த்துத் தன் நினைவுகளையும் நிறுத்து எடுத்துக்கொள்கிறார்கள் என்றான். மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். ஊர் அதற்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. கிளிஃபர்ட் புற்றுநோயில் படுத்தபோது ஆர்லிஸின் உறைபெட்டியில் இடம் இல்லாத அளவுக்குச் சாப்பாடு வந்து குவிந்தது. ரோல்ஃபைக் காவல் காரில் கொண்டுபோனபோது ஒரு தட்டு கூட வரவில்லை. இத்தனைக்கும் ஒரே சர்ச், அதே பெண்கள். உடம்பின் நோய்க்கு இரக்கம், மூளையின் நோய்க்கு மௌனம் என்று பிரித்து வைத்தது எந்தத் தெய்வமும் அல்ல. மனிதர்கள்தான்.

ஆனாலும் ஒரு காலம்வரை காரியம் நடந்தது. மேவிஸ் என்ற கவுண்டி நர்ஸ் இருந்தாள். யாரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும், யாரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றத்துக்குச் சொல்வது அவள் வேலை. ஆர்லிஸ் வீட்டு மேஜை முன் உட்கார்ந்து காப்பி குடிப்பாள்.

"ரோல்ஃப் எப்படி இருக்கான், ஆர்லிஸ்?"

"கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கான்."

மேவிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போன் போடுவாள். சில வாரங்கள் அங்கே, பிறகு வீடு, பிறகு மாதம் ஓர் ஊசி. ஊசி தவறாமல் போட்டுக்கொண்டிருந்த வரை ரோல்ஃப் பழுது பார்க்காத டிராக்டர் அந்தப் பக்கத்தில் இல்லை.

பிறகு மாநிலம் சீர்திருத்தம் செய்தது. ஏற்கெனவே பெரிய மனநல மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக மூடியிருந்தார்கள். அடைத்து வைப்பது அநாகரிகம், இனி ஊர் ஊருக்குச் சிகிச்சை வரும் என்றார்கள். அடைத்து வைப்பது அநாகரிகம்தான், அதில் யாருக்குச் சந்தேகம்? ஆனால் மூடுவதற்கு ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது. திறப்பதற்குப் பணம் வேண்டுமே, அது வரவில்லை. மிச்சம் இருந்தது நாலு மணி நேரத் தொலைவில் ஒரே ஒரு மருத்துவமனை. அதற்கும் ஊர்ச் சிகிச்சைக்கும் நடுவே எல்லாம் சிதறிக் கிடக்கிறது, ஒருங்கிணைக்க வேண்டும் என்று தலைநகரில் ஒரு மையம் தொடங்கினார்கள். 'ஒரே வாசல்' என்று பெயர். எந்தக் கவுண்டியிலிருந்தும் ஒரே எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மேவிஸின் பதவி போயிற்று. ஊசி போட வந்துகொண்டிருந்த நர்ஸும் வேறு ஊருக்குப் போனாள்; இனி ஆலோசனை திரை வழியாக என்றார்கள்.

"ஸ்க்ரீன் முன்னாடி சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு நின்னா தலைநகர்லேர்ந்து குத்துவாங்களாம்" என்றாள் பெவ், சமையலறையில் ஆர்லிஸோடு வேலை செய்கிறவள். "கொஞ்சம் குனிஞ்சா இடுப்புலயும் போடுவாங்க போல."

"வாயை மூடிக்கிட்டு கேரட்டை நறுக்கு" என்றாள் ஆர்லிஸ். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் இரண்டு ஊசிகள் தவறின. டிசம்பரில் ரோல்ஃப் வீட்டு ஹீட்டரை அணைத்தான்.

அவன் பெற்றோரின் பழைய பண்ணை வீட்டில் தனியாக இருந்தான். ஆர்லிஸ் போனபோது, அப்பாவின் தடித்த வேலை அங்கியைப் போட்டுக்கொண்டு, சமையலறை நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தான். மூச்சு வெள்ளையாக வந்தது. குளிர்காலத்துக்குப் பூட்டிப்போடும் வீட்டில் செய்வதைப் போல, குழாய்களில் தண்ணீரை முழுவதும் வடித்து வைத்திருந்தான். பிசிறில்லாத வேலை.

"வா ஆர்லிஸ். காப்பி குடுக்க முடியல, மன்னிச்சுக்கோ."

"ஏன் ரோல்ஃப் ஹீட்டரை நிறுத்தின?"

"அந்தக் கேஸ் வந்தா யோசனை மெதுவாயிடுது. எனக்கு முன்னாடி அது யோசிச்சு முடிச்சுடுது." யாரையும் குற்றம் சொல்லும் தொனி இல்லை. விதை விலையைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னான்.

"என் வீட்டுக்கு வந்து இரேன்."

"உங்க வீட்டுலயும் அதே கம்பெனி கேஸ்தானே."

அவள் ஹீட்டரைத் தானே பற்றவைக்கப் போனாள். எரியும் பகுதியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டிருந்தான். மறுநாள் ஒரு மின் ஹீட்டர் கொண்டுவந்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அவள் காரில் ஏறுவதற்குள் அதை வாசல் படியில் வைத்துவிட்டான். அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.

அன்று மாலை ஆர்லிஸ் 'ஒரே வாசலு'க்குப் போன் செய்தாள். எடுத்தவள் பெயர் ஜாசலின். குரலில் கனிவு இருந்தது.

"உங்க தம்பி தன்னைக் கொன்னுக்கப் போறதா சொன்னாரா?"

"ரோல்ஃபா? சேச்சே. அப்படியெல்லாம் பேச மாட்டான்."

"வேற யாரையாவது தாக்கப் போறதா?"

"இல்லம்மா. ரொம்ப மரியாதை தெரிஞ்சவன்."

"சாப்பிடுறாரா?"

"ஏதோ சாப்பிடுறான்."

"வீட்டுல ஹீட்டர் வசதி இருக்கா?"

"இருக்கு. நல்ல ஹீட்டர்தான். அவன்தான் கொஞ்சம் குளிரா வெச்சுக்கிறான்."

"சரிங்க. உங்களுக்கு இது எவ்வளவு கவலையா இருக்கு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

ஆர்லிஸ் நேர்மையாக யோசித்தாள். கிளிஃபர்ட் செத்த ராத்திரிக்கே அவள் ஏழுக்கு மேல் கொடுத்திருக்க மாட்டாள். "நாலு" என்றாள். மனசு கேட்கவில்லை. "நாலரைன்னு வெச்சுக்கங்க."

போனை வைத்தாள். நடுத்தெருவில் நின்று கத்திவிட்டு வந்ததைப் போல வெட்கமாக இருந்தது. இனி யாராவது வந்துவிடுவார்கள் என்று வாசல் விளக்கைப் போட்டு வைத்தாள். மேவிஸாக இருந்தால் வந்திருப்பாள். ஜாசலின் 'உடனடி ஆபத்து இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். அவளைக் குறை சொல்லி என்ன ஆகும்? நாலரை என்பதை நாலரை என்றுதானே அவள் எடுத்துக்கொள்ள முடியும்! மனிதர் பேச்சைத் தெரிந்த ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் ஓர் எண்ணை உட்கார வைத்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் போன் செய்ய முடியாது.

சில நாள் கழித்து ரோல்ஃபின் கை, கால் விரல் நுனிகள் மெழுகைப் போல வெளுத்திருந்தன. ஆர்லிஸ் மறுபடி போன் செய்தாள். இந்த முறை வேறு ஒரு ஆண் குரல்.

"எத்தனை நம்பர், மேடம்?"

"ஒன்பது."

"போன தடவை நாலரைன்னு சொல்லியிருக்கீங்க. நடுவுல புதுசா என்ன நடந்துச்சு?"

"புதுசா ஒண்ணும் இல்ல. அப்பவே ஒன்பதுதான்."

எதிர்முனையில் தட்டச்சு சத்தம் கேட்டது. "வேணும்னா போலீஸை விட்டு ஒரு தடவை பாத்துட்டு வரச் சொல்றோம்" என்றான்.

கவுண்டிக் காவலன் டேரின் போய்ப் பார்த்தான். அவன் சிறுவயதில் ஆர்லிஸின் கையால் சாப்பிட்டவன். பள்ளிச் சமையலறையின் பின்கதவில் வந்து தொப்பியைக் கழற்றி நின்றான்.

"உள்ள போனேன், மிஸஸ் ஹேகன். எங்கப்பா முழங்கால் எப்படி இருக்குன்னு விசாரிச்சாரு. இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டேன், கரெக்டா சொன்னாரு. தன் வீட்டைக் குளிரா வெச்சுக்கறது சட்டப்படி குத்தம் இல்ல. நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர முடியாது."

"செத்துப் போவான், டேரின்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் வாயிலிருந்து இவ்வளவு பெரிய சொல்லை அவன் கேட்டதே இல்லை. தொப்பியை இரண்டு சுற்று சுற்றினான்.

"அவங்களுக்கு ரெண்டே கேள்விதான், மிஸஸ் ஹேகன். தன்னைக் கொல்லுவானா, அடுத்தவங்களைக் கொல்லுவானா. மத்ததெல்லாம் காதுல விழாது." கொஞ்சம் நிறுத்தினான். "அந்த வீட்டுல உங்கப்பாவோட மான் வேட்டைத் துப்பாக்கி இருக்கில்ல?"

"இருக்கு. பின்னறையில தொங்குது."

"நான் எதுவும் சொல்லல. ஹாட்டிஷ் நல்லா மணக்குது" என்றான் டேரின். போய்விட்டான்.

பெவ் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அன்று காலைதான் பாஸ்டர் வந்து, ரோல்ஃபின் பெயரைப் பிரார்த்தனைப் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தார். "ஊசிப் பட்டியல்ல சேர்க்க முடியுமான்னு கேளுங்க" என்று பெவ் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். இப்போது கரண்டியை வைத்துவிட்டுப் பின்கதவைச் சாத்தினாள்.

ஆர்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த போனை எடுத்து 'ஒரே வாசலை' அழைத்தாள். தம்பி தன்னை நோக்கித் துப்பாக்கியை நீட்டினான் என்றாள். எப்போது என்று கேட்டார்கள், நேற்று என்றாள். என்ன சொன்னான் என்று கேட்டார்கள். கிட்ட வந்தால் சுடுவேன் என்றான் என்றாள். அறுபது வயதுவரை அவள் எதையும் இருப்பதைவிடப் பெரிதாகச் சொன்னதில்லை. ஆனால் வார்த்தைகள் தடங்கல் இல்லாமல் வந்தன.

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு கார்கள் பண்ணை வீட்டுக்குப் போயின. உறைந்த விரல்களுக்கு இல்லாத படுக்கை துப்பாக்கிக்கு உடனே கிடைத்தது. நோயாளி என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். இடுப்பில் சங்கிலி கட்டி, கைகளை அதில் பூட்டி, நாலு மணி நேரம் பின் இருக்கையில் உட்கார வைத்தார்கள். சாகக் கிடக்கிறவனுக்குச் சிகிச்சை வேண்டும் என்றால் முதலில் அவனைக் கொலைகாரன் என்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவர்கள் அதற்கு நோயாளியின் உரிமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விலங்கு மாட்டும்போது மட்டும் அந்த உரிமை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

விசாரணை கவுண்டி நீதிமன்றத்தில் நடந்தது. ரோல்ஃப் மருத்துவமனையிலிருந்து திரையில் தெரிந்தான். காலில் இரண்டு விரல் நுனிகளை வெட்டியிருந்தார்கள். ஆர்லிஸ் சத்தியம் செய்து அதே கதையைச் சொன்னாள். அவனுக்கு நியமித்த வக்கீல் மிஸ் காம்ப், துப்பாக்கியில் குண்டே இல்லையே என்று வாதாடினாள். நீதிபதி ஸ்ட்ராண்ட் திரையைப் பார்த்தார்.

"ரோல்ஃப், உன் அக்காவைப் பாத்துத் துப்பாக்கியை நீட்டினியா?"

 திரையில் அவன் கண்கள் ஆர்லிஸைத் தேடின.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க, ஐயா. ஆனா ஆர்லிஸ் சொன்னா நீட்டியிருப்பேன். இல்லாததை அவ சொல்ல மாட்டா."

ஆறு மாதக் கட்டாயச் சிகிச்சைக்கு உத்தரவாயிற்று. ஆர்லிஸ் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஊசி வேலை செய்தது. அறிவியலுக்கு யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. மருந்து உள்ளே போனால் போதும். மே மாதத்தில் ரோல்ஃப் மருத்துவமனையின் புல்வெட்டும் இயந்திரங்களை எல்லாம் சரிசெய்து முடித்திருந்தான். போகலாம், ஆனால் தனி வீட்டுக்கு அல்ல, யாராவது கூட இருந்து மருந்தைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு என்றார் மருத்துவர். ஹால்வருக்குப் பக்கத்து ஊரில் அப்படி ஓர் இல்லம் இருந்தது. நாலே பேர், பின்னால் காய்கறித் தோட்டம், ஆர்லிஸின் வீட்டிலிருந்து இருபது நிமிடம். ஓர் அறை காலியாகவும் இருந்தது. அந்த இல்லம் மறுத்தது. ஆயுதத்தால் மிரட்டியவர்களை எடுத்தால் காப்பீடு ரத்தாகுமாம். மாநிலத்தின் மற்ற இல்லங்களும் அதையே சொல்லின. எதை ஒருங்கிணைத்தார்களோ இல்லையோ, 'துப்பாக்கியால் மிரட்டியவர்' என்று அவன் பதிவில் இருந்த ஒரு வரியை எல்லா வாசலுக்கும் ஒழுங்காகக் கொண்டுசேர்த்திருந்தார்கள்.

அந்த வரியைப் பதிவிலிருந்து நீக்க என்ன வழி என்று ஆர்லிஸ் கேட்டாள். நீதிபதி சொன்னால்தான் முடியும் என்றார்கள். மிஸ் காம்பிடம் போனாள்.

"சத்தியம் பண்ணிட்டு பொய் சொன்னேன்னு கோர்ட்டுல ஒத்துக்கிட்டா உங்க மேல கேஸ் போடலாம், மிஸஸ் ஹேகன். பள்ளிக்கூட வேலை நிச்சயம் போயிடும். பென்ஷனையும் இழுத்தடிப்பாங்க."

"தம்பிக்கு அந்த அறை கிடைக்குமா?"

"கிடைக்கலாம்."

அடுத்த விசாரணைக்கு முந்தைய ஞாயிறு மருத்துவமனைக்குப் போனாள். பார்வையாளர் அறையில், அவள் கொண்டுபோயிருந்த எலுமிச்சை இனிப்புத் துண்டுகளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னாள். ரோல்ஃப் கையில் எடுத்ததைத் தின்னாமல் வைத்திருந்தான்.

"அப்போ நான் நீட்டலையா?"

"நீ அதைத் தொடவே இல்ல."

அவன் மெல்ல மூச்சை விட்டான். "அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். உன் முகம் அப்போ எப்படி இருந்திருக்கும்னு. இனிமே உன் கிட்ட வரக்கூடாதுன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன்."

"மன்னிச்சுடு, ரோல்ஃப்."

"நீ சொல்லலேன்னா நான் இந்நேரம் மண்ணுக்குள்ள." கையில் இருந்த இனிப்பைக் கடித்தான். "சரி, பொய் சொன்னேன்னு சொன்னா உன்னை என்ன பண்ணுவாங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். அவனும் ஹால்வரில் பிறந்தவன்தான்.

ஜூன் விசாரணைக்கு ரோல்ஃபை நேரிலேயே கொண்டுவந்தார்கள். மேஜை முன் உட்கார வைத்துச் சங்கிலியைக் கழற்றினார்கள். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தான். ஆர்லிஸ் எழுந்து நின்றாள்.

"டிசம்பர்ல நான் சொன்னது பொய், ஐயா. அவன் துப்பாக்கியை நீட்டல. யாரையும் மிரட்டல. குளிர்ல செத்துடுவான்னு நினைச்சேன். வேற எதைச் சொன்னாலும் யாரும் வரல, அதனால சொன்னேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவரும் ஊர்க்காரர்தான். கவுண்டி வக்கீல் எழுந்து, முதல் அழைப்பில் நாலரை, இரண்டாவதில் ஒன்பது, பிறகு துப்பாக்கி, இப்போது எதுவுமே இல்லை, இதில் எதை நம்புவது என்று கேட்டார்.

"கடைசியா சொன்னதை நம்புங்க" என்றாள் ஆர்லிஸ்.

ரோல்ஃப் கையை உயர்த்தினான். மிஸ் காம்ப் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அதை மரியாதையாக விலக்கிவிட்டு எழுந்தான்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். ஆர்லிஸ் எதையும் குறைச்சுத்தான் சொல்லுவா. இந்த ஊருக்கே தெரியும்."

பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். நீதிபதியின் உதடும் கொஞ்சம் அசைந்தது.

"இப்பவும் எனக்காகக் குறைச்சுச் சொல்றா. நான் நீட்டினேன். போன தடவை ஞாபகம் இல்லாம இருந்துச்சு. மருந்து எடுத்த பிறகு நல்லா ஞாபகம் வந்துடுச்சு."

"பொய் சொல்றான்!" என்று ஆர்லிஸ் கத்தினாள். அந்த அறையில் அவள் குரல் அவ்வளவு உரக்க எழுந்து யாரும் கேட்டதில்லை. "ரோல்ஃப், நிறுத்து! அவன் பொய் சொல்றான், ஐயா!"

"உக்காருங்க, மிஸஸ் ஹேகன்" என்றார் நீதிபதி. குரலில் கருணை இருந்தது, அதுதான் கொடுமை. தம்பியைக் காப்பாற்றத் துடிக்கும் அக்கா என்று முடிவு செய்துவிட்டார். அங்கே இருந்த எல்லோரும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். அவள்மீது வழக்கு எதுவும் வேண்டாம் என்றார். கட்டாயச் சிகிச்சையை இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்தார். துப்பாக்கி என்ற வரி இப்போது நோயாளியின் சொந்த வாக்குமூலமாக மையத்துக்குப் போனது.

வெளியே தாழ்வாரத்தில் அவர்களுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. டேரின் சங்கிலியோடு கொஞ்சம் தள்ளி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா இப்படிப் பண்ணின? அந்த ரூம் கிடைச்சிருக்கும். தக்காளிச் செடி நட்டிருக்கலாம்."

"உன் வேலை போயிருக்கும்."

"போனா போகட்டும்!"

"பென்ஷனும் போகும். மிஸ் காம்ப்கிட்ட கேட்டேன். நீ சொல்ல மாட்டேன்னு தெரியும்." அவன் அவள் கோட்டின் காலரை நேராக்கிவிட்டான். "அங்க சூடா இருக்கு, ஆர்லிஸ். ஊசி தவறாம போடுறாங்க. வெளிய வந்தா யார் போடுவா? அந்த இல்லத்துலயும் நர்ஸ் மாசத்துல ஒரு நாள்தான், அதுவும் வந்தா."

 பொய்யைச் சொன்னபோது நாடே காது கொடுத்தது. உண்மையை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

டேரின் தொண்டையைச் செருமினான். ரோல்ஃப் அவனிடம் திரும்பி, "அப்பா முழங்காலுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.